சூடத்தை அணைக்காத சௌந்தரம்

"அவ ஓடிப்போனான்னு சொல்லாத, விஜயா. நடந்து போனா. முன்வாசல் வழியா, நல்ல வெயில்ல, புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போனா. நான் படியில நின்னு பாத்தேன்."

விஜயா நம்பவில்லை. கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் பழைய கட்டடத்துக்கு அவள் குடிவந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. சௌந்தரத்தை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறாள்.

"அமலாக்கா அப்படித்தானே சொல்றாங்க ஆச்சி. ராத்திரியோட ராத்திரியா மூட்டையைக் கட்டிட்டாங்களாம். கஞ்சா வித்தாங்களாமே. மாடி வீட்டு அடுப்படியில இன்னும் அந்த வாடை அடிக்குதாம்."

"வாடை அடிக்கத்தான் செய்யும். பின்னால சாக்கடை ஓடுதுல்லா. வித்தாளாம், வித்தா. கேக்காம கொள்ளாம எடுத்துக்கிட்டுப் போனது யாருன்னு உங்க அமலாக்காகிட்ட முதல்ல கேளு."

அவள் கேட்க மாட்டாள். யாருமே கேட்க மாட்டார்கள். அதனால்தான் நான் சொல்கிறேன். தமிழ்ச் சங்கத்து மலரில் போட, இந்த ஊரில் வாழ்ந்த ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய ஆபீசரையோ பாட்டுக்காரரையோ எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குச் சௌந்தரம்தான் வாயில் வருகிறாள். பேத்தி அனன்யா எழுதுகிறாள். ஒரு சொல்லையும் நாசூக்காக மாற்றக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மலரில் போட மனம் வராவிட்டால் போட வேண்டாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்கள் கட்டடத்து மேல்மாடியில் இருந்த சௌந்தரத்துக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் ஹௌரா ஸ்டேஷனிலேயே கூட்டத்தைப் பார்த்து அழுதவள், ஒரே வருஷத்தில் சந்தையில் வங்காளியில் சண்டை போட்டாள். நல்ல குணம் மட்டும்தான் அவளுக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. கருமி. தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் என்னோடு எத்தனையோ தடவை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். தன் முறை இல்லாத நாளிலும் மாடிப்படியைக் கழுவிவிட்டு, "இந்த வீட்ல நான் ஒருத்திதான் மனுஷி" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்துவாள். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் கஞ்சி அவள் அடுப்பிலிருந்துதான் வரும்.

அவள் புருஷன் கோபு கிதிர்பூர் கப்பல் டாக்கில் கிரேன் ஓட்டினான். ஆள் வாட்டசாட்டம். வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டுத் தட்டோடு நேரே அடுப்படிக்கே போய் நிற்பான். இட்லிக் கொப்பரையைத் திறக்கிறவரைகூடப் பொறுக்க மாட்டான். "இந்த மனுஷனுக்கு ஆக்கிப் போட்டே என் கைரேகை அழிஞ்சு போச்சு ஆச்சி" என்று அவள் சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்பது எனக்குத் தெரியும். பிள்ளை இல்லை அவர்களுக்கு. அவன் தின்பதைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

அப்படித் தின்றவனுக்குத்தான் தொண்ணூற்றேழில் வயிற்றுக்குள் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கீமோ ஊசி போட ஆரம்பித்தார்கள். போட்டுவிட்டு வந்தால் வாந்தி. தண்ணீர் குடித்தால் வாந்தி, தாளிக்கிற வாசனை வந்தால் வாந்தி, பக்கத்து வீட்டில் குக்கர் கூவினால்கூட வாந்தி. வாந்திக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையையே வாந்தியெடுத்தான். சௌந்தரம் வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி. அதைக் கழுவிக் கழுவி அவள் கையெல்லாம் பினாயில் வாடை. அந்தப் பெரிய உடம்பு துணி காயப்போட்ட கொடி மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் சொன்னது ஒன்றுதான். ஊசி வேலை செய்கிறது, கட்டி கரைகிறது. ஆனால் எடை இப்படியே இறங்கிக்கொண்டு போனால் அடுத்த ஊசியை அந்த உடம்பு தாங்காது, நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். ஆக, கோபு சோறு தின்றால் ஊசி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

சங்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம். நடுமாடியில் என் வீட்டுக்கு எதிர் வீட்டு அமலாவும் வந்தாள். அவள்தான் சங்கத்தின் மாதர் பிரிவுக்குச் செயலாளர். அவள் புருஷன் வைத்தியநாதனுக்கு அலிப்பூரில் மத்திய சர்க்கார் உத்தியோகம். அமலா மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு கட்டிலுக்குத் தள்ளியே நின்றாள். "மனசைத் திடமா வச்சுக்குங்க கோபு. எல்லாம் மனசுதான்" என்றாள். கோபு அவளைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், பதில் சொல்ல வாயைத் திறந்தான். பதிலுக்குப் பதில் வேறு வந்தது. அவள் புடவைக் கரையில் கொஞ்சம் தெறித்திருக்கும். அதற்குப் பிறகு அமலா பல வாரம் மேல்மாடிக்கு ஏறவே இல்லை.

அந்த வருஷம் பூஜை முடிந்து தசமி வந்தது. கீழ்வீட்டு நீலிமா மாசிமாதான் எங்களுக்கெல்லாம் வீட்டுக்காரி. மாசிமா என்றால் வங்காளியில் சித்தி. துர்க்கையைக் கரைத்துவிட்டு வந்ததும் வங்காளிகள் பெரியவர் காலைத் தொட்டு, கட்டிக்கொண்டு, இனிப்பு கொடுப்பார்கள். பழைய குடும்பங்களில் அதோடு ஷித்தி என்று ஒன்றும் கொடுப்பார்கள். பாங்கு இலையை, அதாவது கஞ்சாச் செடியின் இலையைத்தான், பாதாம், மிளகு, சோம்போடு அரைத்துப் பாலில் கலக்கிய சர்பத். அன்று ஒரு நாள் அது பிரசாதம் மாதிரி. கிழவிகள் குடிப்பார்கள், மருமகள்கள் குடிப்பார்கள், பள்ளிக்கூட வாத்தியார் குடிப்பார். குடித்துவிட்டுச் சிரிப்பார்கள், தூங்குவார்கள். எனக்கு அதைக் கண்டாலே குமட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை.

மாசிமா முட்டிவலியோடு மாடி ஏறி வந்து, ஒரு சின்ன மண் குவளையைக் கோபுவின் வாயருகே கொண்டுபோனாள். "காவோ பாபா, மாயேர் பிரசாத்" என்றாள். குடிப்பா, அம்மனுடைய பிரசாதம் என்று அர்த்தம். எழுபது வயதுக் கிழவி மாடி ஏறி வந்து நீட்டுகிறாள், எப்படி மறுப்பான்? இரண்டு வாய் குடித்தான். சௌந்தரம் வாளியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

வாளிக்கு வேலை வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோபு எழுந்து உட்கார்ந்தான்.

"சௌந்தரம், ரசம் இருக்கா?"

அவள் அடுப்படி வாசலில் நின்றபடி, "யாருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

"எனக்குத்தான். பின்ன யாருக்கு?"

அன்று அவன் ஒரு கிண்ணம் ரசஞ்சாதம் தின்றான். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டான். தின்றது வயிற்றில் தங்கியது. நான் அங்கேதான் இருந்தேன். அவன் விரலை நக்குவதை அவள் கோயிலில் தீபாராதனையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஷித்தி இல்லை, மறுபடியும் வாளிதான்.

மூன்றாம் நாள் அவள் என்னிடம் வந்தாள். "ஆச்சி, சேலை மாத்திட்டு வாங்க. கடைக்குப் போகணும்."

"என்ன கடை?"

"பாங்குக் கடை."

நான் சீ என்றேன். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை, படியில் நின்றுகொண்டிருந்தாள். போனேன்.

சந்தைக்குப் பின்னால் சர்க்கார் லைசென்ஸ் உள்ள கடை. கம்பி போட்ட ஜன்னல், மேலே தகர போர்டு. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஆம்பிளைகள். குங்குமம் வைத்த இரண்டு மதராஸிப் பெண்கள் வந்து நின்றதும் ஒருத்தன் ஜாடை காட்டிச் சிரித்தான். கடைக்காரன், "பூஜைக்கா மா?" என்று கேட்டான். "சோத்துக்கு" என்றாள் சௌந்தரம். அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. காகிதப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்தவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செடி ஒன்று. இலையை வாங்கினால் கடையும் போர்டும் லைசென்ஸும் உண்டு. அதே செடியின் பூவை வாங்கினால் கஞ்சா, ஜெயில். நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் பூவுக்கே சர்க்கார் கடை இருந்தது. பிறகு சட்டம் போட்டு மூடினார்கள். சரி, போதைக்குக் குடிக்கிறவனுக்காக மூடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருவிழாவில் சிரிக்க இலை உண்டு, சாமியார் அரைக்க இலை உண்டு. வாந்தியெடுக்கிற மனுஷனுக்கு இத்தனை அளவு கொடு, இந்த நேரத்தில் கொடு என்று சொல்லத்தான் ஆளே கிடையாது. இதைச் சட்டம் என்கிறார்கள். எனக்கு வாயில் காறல் எடுக்கிறது.

அளவு சொல்ல ஆள் இல்லாததால் என்ன ஆயிற்று தெரியுமா? பாலில் கலக்கிக் கொடுத்தாள். பால் வாடையே அவனுக்கு ஆகவில்லை, வெளியே வந்துவிட்டது. சோற்றில் போட்டுப் பிசைகிற மாதிரி ஒன்று வேண்டுமென்று யோசித்தாள். இலையை நெய்யில் வறுத்து, உளுந்தும் மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துப் பொடியாக இடித்தாள். பார்த்தால் கறிவேப்பிலைப் பொடி மாதிரியே இருக்கும். முதல் நாள் தாராளமாக ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தாள். கொஞ்ச நேரத்தில் கோபு, "ஃபேன் என்ன தெலுங்குல பேசுது?" என்று கேட்டான். நெஞ்சு படபடவென்று அடித்தது. மறுநாள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மூக்கருகே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். செத்திருந்தால்? ஒரு மருந்துக் கடையில், ஒரு சீட்டில், இவ்வளவுதான் என்று எழுதியிருந்தால் அந்தப் பயம் எதற்கு? பிறகு கடுகளவில் ஆரம்பித்து, அவளாகவே தடவித் தடவி அளவைக் கண்டுபிடித்தாள். ஊசி போட்டு வந்த நாளில் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை. மற்ற நாளில் அதில் பாதி.

இலை அவன் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லவில்லை. நோயைப் பார்த்துக்கொண்டது ஊசி. இலை அவனைச் சோறு தின்ன வைத்தது. எடை ஏறியது. அடுத்த ஊசியைப் போட்டார்கள். அதற்கடுத்ததையும் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், எடை எப்படி ஏறியது என்று கேட்டாராம். இவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, அமெரிக்காவில் ஒரு இடத்தில் போன வருஷம் நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள், வாந்திக்கும் பசிக்கும் கேட்கிறது என்று படித்திருக்கிறேன், நிறுத்த வேண்டாம் என்றாராம்.

"அதை ஒரு சீட்டுல எழுதித் தாங்க டாக்டர்."

"அது முடியாதும்மா. நான் எழுதினா என் வேலை போயிடும்."

"அப்ப வாயால சொன்னது?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

அவள் இதை என்னிடம் நடித்துக் காட்டினாள். டாக்டர் கதவைப் பார்ப்பது, கண்ணாடியைத் துடைப்பது எல்லாம். நாங்கள் சிரித்தோம். அந்தச் சீட்டு இல்லாதது எவ்வளவு பெரிய விஷயம் என்று மார்கழியில்தான் தெரிந்தது.

மார்கழி மாதம் அமலா வீட்டில் காலையில் பஜனை. பஜனை முடிந்ததும் இட்லியும் பொங்கலும். எனக்கு அந்தக் குளிர் ஆகாது, போவதில்லை. அதற்கு முந்தின நாள் அமலா, ரொம்ப நாளைக்குப் பிறகு, தன் ஊறுகாய் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக மாடிக்குப் போயிருக்கிறாள். சௌந்தரம் பின்கட்டில் கோபுவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அடுப்படியில கழுவி வச்சிருக்கேன் அக்கா, எடுத்துக்கிடுங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

பாட்டில் காலியாக இருந்தது. நம் வீடுகளில் ஒருத்தர் கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். சௌந்தரத்துக்குப் புருஷனைக் குளிப்பாட்டுகிற அவசரம், போடவில்லை. அமலா என்ன செய்தாள்? அலமாரியில் ஒரு ஜாடி இருந்தது. திறந்து பார்த்தாள். கறிவேப்பிலைப் பொடி. சௌந்தரம் கைப்பொடிக்குச் சங்கத்தில் தனிப் பேர் உண்டு. இவளாகவே பாட்டில் நிறைய அள்ளிக்கொண்டாள். காலிப் பாட்டிலாகக் கொடுக்கக் கூடாது என்கிற சாஸ்திரம் ஞாபகம் இருந்தது. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்கிற சாஸ்திரம் மறந்துபோயிற்று.

மறுநாள் பஜனை முடிந்து எல்லோரும் நல்லெண்ணெய் ஊற்றிப் பொடியைக் குழைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டார்கள். பேஷ் என்று இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரையும்விட அதிகம் தின்றது வைத்தியநாதன். தின்றுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

அது வேலை காட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் பெண்கள் எல்லாம் கலைந்துபோய்விட்டார்கள். ஒருத்தி குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, செத்துப்போன அம்மாவை நினைத்து மத்தியானம்வரை அழுதாளாம். அமலா காய்கறி வண்டிக்கு முன்னால் ஒரு கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். வண்டிக்காரன் பயந்து மாசிமாவைக் கூப்பிட்டான். வைத்தியநாதன் அலிப்பூரில் மேலதிகாரியின் அறையில் உட்கார்ந்து, கூரை ஏன் சார் மேலே போய்க்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். டாக்ஸியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். என்ன தின்றீர்கள் என்று டாக்டர் கேட்டார். வீட்டிலிருந்து பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் மோந்து பார்த்துவிட்டு, "தசமி இப்பத்தானே முடிஞ்சது, அதுக்குள்ள என்ன?" என்று சிரித்தாராம்.

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூங்கி எழுந்தார்கள், சரியாகிவிட்டார்கள். மானம்தான் போயிற்று. அதை அமலா எப்படிப் பொறுப்பாள்? மறுநாள் பாட்டிலோடு மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"சோத்துல விஷத்தை வச்சிட்டியே, பாவி. இது என்ன பொடின்னு சொல்லு."

சௌந்தரம் பாட்டிலைப் பார்த்தாள். ஓடிப்போய் அலமாரி ஜாடியைத் திறந்து பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"எம்புட்டு அள்ளியிருக்கிய அக்கா. ரெண்டு ஊசிக்குல்ல வச்சிருந்தேன். அவ்வளவையும் இட்லிக்கா தொட்டுக்கிட்டிய?"

அவளுக்கு அந்தக் கவலை. அமலாவுக்கு அது நெருப்பில் நெய் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அன்று முதல் கஞ்சாக்காரி என்கிற பேர் வந்தது.

வைத்தியநாதன் போலீசுக்குப் போன் செய்தார். ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். கடைப் பொட்டலத்தைப் பிரித்தார், மோந்தார். "இது பாங்கு. லைசென்ஸ் கடை இலை. இதுல கேஸ் ஒண்ணும் இல்ல" என்று வைத்தியநாதனிடம் சொன்னார். அப்போது கோபு கட்டிலில் உட்கார்ந்து தயிர்ச்சாதம் தின்றுகொண்டிருந்தான். தலையில் ஒரு முடி இல்லை, ஆனால் வாய் மென்றுகொண்டிருந்தது. அந்த ஆள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சௌந்தரத்திடம் தாழ்ந்த குரலில் வங்காளியில் கேட்டார். "இதைச் சாப்பிட்டா பசி எடுக்குதா? எங்க அப்பாவுக்கும் இதே சீக்கு." கடை எங்கே இருக்கிறது என்று அவள் சொன்னாள். கும்பிட்டுவிட்டுப் போனார்.

போலீசே இல்லை என்றுவிட்டது. நம் ஆட்கள் விட்டார்களா? கட்டடத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய், மாசிமாவின் மகனிடம், சௌந்தரத்தை அனுப்பாவிட்டால் எல்லோரும் காலி செய்கிறோம் என்று மிரட்டினார்கள். வாடகை போய்விடும் என்று அவன் பயந்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, உங்களுக்குள் பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அமலா வீட்டு ஹாலில் கூட்டம். சங்கத்துப் பொருளாளர் நாகரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதானவர், எங்கள் பக்கத்து ஆள். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஊரில் செய்கிற மாதிரி சூடத்தை ஏற்றி, சௌந்தரம் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இனி அந்த இலை வீட்டுக்குள் வராது என்று சொல்லி, பெண்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் காலி செய்யலாம்.

சௌந்தரம் வந்தாள். கையில் மஞ்சள் இருந்தது, அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். ஒருத்தரும் உட்காரச் சொல்லவில்லை. தட்டில் சூடத்தை ஏற்றி அமலாவே அவள் முன்னால் நீட்டினாள்.

"அணைச்சுச் சொல்லு."

"சொல்லுதேன். அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கேன். அவியளுக்கு இன்னும் ரெண்டு ஊசி இருக்கு. அதுவரைக்கும் என்னத்தத் தின்னுவாவ? அதைச் சொல்லுங்க, அணைக்கேன்."

"ஹார்லிக்ஸ் கொடு. ஜூஸ் கொடு. ஊர்ல எல்லாரும் அதைத்தானே கொடுக்கிறாங்க."

"எல்லாரும் குடுத்த ஹார்லிக்ஸ் எல்லாம் வாளியிலதான் போச்சு அக்கா. நீங்க ஒரு நாள் அந்த வாளியைக் கழுவுதியளா?"

அமலா நாகரத்தினத்தைப் பார்த்தாள். வைத்தியநாதன் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரும்மா. ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா நாங்க ஏன் பேசப்போறோம்? மருந்துன்னா அதுக்கு ஒரு சீட்டு இருக்கணும்."

"கேட்டேன் அண்ணாச்சி. எழுதச் சட்டம் இல்லைன்னுட்டாரு."

"அப்ப அது மருந்து இல்ல. அவ்வளவுதான்."

இந்த மனுஷன் போன ஹோலிக்கு ஆபீசர்கள் வீட்டில் ஒரு சொம்பு பாங்கு குடித்துவிட்டு, செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்த கதையைச் சங்கத்து மேடையிலேயே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவர். அதை நான் சொன்னேன். சும்மா இருக்கவில்லை.

"ஆச்சி, அது பண்டிகை" என்றார்.

"பண்டிகைக்குச் சீட்டு வேண்டாம், என்னா? பசிக்குத்தான் வேணும்."

நாகரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்க கோபப்படாதீங்க. நாலு பேர் சேர்ந்து இருக்கிற இடம்" என்றார். அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட மாடிக்குப் போய்க் கோபுவைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அடுத்த வாசலில்கூட இல்லை, அதே கூரைக்குள் ஒரு ஆள் பிழைக்கப் பார்க்கிறான். இவர்கள் ஒரு நாள் சிரித்த வெட்கத்துக்கு அவன் சோற்றைக் கேட்கிறார்கள். அருவருப்பு என்பதற்கு இதைவிட வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

சௌந்தரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அணைத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கருமி, குறைந்த வாடகை வீட்டை விட மாட்டாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டவே இல்லை. சூடம் தானாகவே எரிந்து, சிறுத்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் விட்டு அணைந்தது.

"அது தானா அமந்துட்டு" என்றாள். "நான் அணைக்கல. எல்லாரும் பாத்துக்கிட்டியள்ல."

பிறகு அமலாவைப் பார்த்துச் சொன்னாள். "உங்க பாட்டில்ல மிச்சம் இருக்குல்ல அக்கா, அதைத் தந்திருங்க. உங்களுக்கு அது விஷம். எங்களுக்கு வேணும்."

அமலா எடுத்து வரவில்லை. நான் போய் அவள் அடுப்படி மேடையிலிருந்து எடுத்து வந்து சௌந்தரத்தின் கையில் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவர்கள் போனார்கள். ராத்திரி இல்லை. காலைச் சமையல் நேரம் தாண்டி, நல்ல வெயிலில். கோபுவின் கூட வேலை பார்த்த இராஜமாணிக்கம் டாக்குரியா ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக் கொடுத்திருந்தார். அவரே டாக்ஸியோடு வந்து பெட்டியையும் பாயையும் இறக்கினார். நீல வாளியைச் சௌந்தரம் எடுத்துக்கொள்ளவில்லை. கழுவிக் கவிழ்த்து, மாடிப்படி மூலையில் வைத்துவிட்டாள். அதற்கு முன்னால், நம்ப மாட்டீர்கள், மாடிப்படி முழுவதையும் கழுவிவிட்டாள். அன்று அவள் முறை இல்லை. கத்தவும் இல்லை.

பிறகு ஒரு கக்கத்தில் பொடிப் பாட்டிலை இடுக்கிக்கொண்டு, மறுகையால் கோபுவைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஈரப்படி, மெதுவாக வந்தார்கள். நடுமாடியில் நான் நின்றேன். அமலா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் திரைக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே எதற்கோ கடுகு தாளித்தார்கள். பெருங்காய வாசனை படியெல்லாம் பரவியது.

சௌந்தரம் சட்டென்று நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். கை பழக்கத்தில் வாளியைத் தேடிய மாதிரி எனக்குப் பட்டது.

கோபு மூக்கை உறிஞ்சினான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"சௌந்தரம்."

"என்ன, உக்காரணுமா?"

"இல்ல. வழியில எங்கயாவது கச்சோரி கிடைக்குமா? பசிக்கி."

அவன் குரல் பழைய கிரேன்காரன் குரல், மூன்று மாடிக்கும் கேட்கும். திரை அசைந்தது. சௌந்தரம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அவன் எத்தனை நாள் இருந்தான், பிழைத்தானா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். பிழைத்தான் என்று நான் சொன்னால் அவள் செய்தது சரி என்பார்கள், இல்லை என்றால் தப்பு என்பார்கள். சொல்ல மாட்டேன். நூறு வயது இருந்தாலும், மறுநாளே போயிருந்தாலும், அவன் தின்ற சோறு சோறுதான்.

கீழே மாசிமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மகனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். கோபு குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் அவன் கன்னத்தைப் பிடித்து, சதை இருக்கிறதா என்று சந்தைக்காரி மாதிரி அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டாள்.

"போயிட்டு வாறேன் ஆச்சி" என்று சௌந்தரம் மேலே என்னைப் பார்த்துச் சொன்னாள். "தொட்டித் தண்ணியை அடைக்காம விட்டிராதிய."

அப்புறம் இரண்டு பேரும் வாசல்படியைத் தாண்டி வெயிலில் இறங்கினார்கள்.